சரிந்த மதிப்பெண்களும் சரியாத வாய்மையும்

தோல்வியைப் பிறரிடம் எடுத்துரைக்கும்போது அதற்கான காரணத்தையும் உடன் உரைப்பது மனித இயல்பு. அக்காரணம் முழு உண்மையாயின் அதை விளக்கம் என்கிறோம். முழுப் பொய்யாயின் ஏமாற்று என்கிறோம். இரண்டிற்கும் நடுவே, பாதி உண்மையாய் ஒரு காரணம் நிற்குமானால் அதற்கு நாம் என்ன பெயர் இடுவது? இக்கேள்வி சென்ற ஆண்டு ஒரு தொலைபேசி அழைப்பின் வழியே நம் வீட்டிற்குள் வந்தது.

அழைத்தவள் நம் சிற்றப்பா மகனின் மகள். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவள். மருத்துவராக வேண்டும் என்பது அவளது சிறு வயது ஆசை. ஆனால் அவளது கல்லூரி மதிப்பெண் பட்டியல் மேடும் பள்ளமுமாக இருந்தது. முதல் ஈராண்டுகளில் சரிவு. பின்னிரண்டு ஆண்டுகளில் ஏற்றம். இரண்டாம் ஆண்டின் பிப்ரவரித் திங்களில் அவளுடைய தந்தை பக்கவாதத்தால் வீழ்ந்தார். விண்ணப்பத்துடன் எழுத வேண்டிய தன்விளக்கக் கட்டுரையில் அந்த நோயையே நடுப்பொருளாக வைக்கும்படி கட்டணம் வாங்கிய ஆலோசகர் ஒருவர் அறிவுறுத்தியிருந்தார். தாயும் அதையே விரும்பினார். ஆயினும் மகளின் மனம் அமைதி கொள்ளவில்லை. ஏனெனில் மதிப்பெண்கள் சரியத் தொடங்கியது பிப்ரவரியில் அன்று. முதலாண்டிலேயே சரிவு தொடங்கிவிட்டது. பள்ளியில் அதிகம் உழைக்காமலே முதலிடம் பெற்றவள் அவள். கல்லூரியும் அப்படியே கடந்துபோகும் என்று எண்ணிவிட்டாள்.

"பெரியப்பா, அப்பா படுத்த படுக்கையாய் இருந்தது உண்மைதானே? அதை எழுதினால் பொய்யாகுமா?" என்று கேட்டாள்.

உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. அவள் எழுதியிருந்த வரிகளில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. தேதிகளை மட்டும் அவள் சொல்லவில்லை. வாசிப்பவர் தாமாகவே, 'நோய் வந்தது, மதிப்பெண் சரிந்தது' என்று முடிச்சுப் போட்டுக்கொள்வார். பொய்யை எழுதாமலே பொய்யான முடிவுக்குப் பிறரைக் கொண்டு சேர்க்க முடியும் என்பதை அந்தக் கட்டுரை நமக்குக் காட்டியது.

அந்நாட்டில் மருத்துவக் கல்விக்குச் செல்லும் வழி நம்முடையதினின்று வேறானது. பள்ளிப் படிப்பை முடித்தவர் முதலில் நான்கு ஆண்டு பட்டப்படிப்பைப் பயில்கிறார். மருத்துவக் கல்லூரியில் சேர்வது அதற்குப் பின்னரே. பட்டப்படிப்பில் ஒவ்வொரு பாடத்திற்கும் பெற்ற தரம் எண்ணாக மாற்றப்படுகிறது. ஏ என்றால் 4. எஃப் என்றால் சுழி. இவற்றின் சராசரியோடு எம்கேட் என்னும் நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணும் சேர்கிறது. 2015 முதல் நடைமுறையில் உள்ள வடிவில் அதன் அளவுகோல் 472இல் தொடங்கி 528இல் முடிகிறது. எம்.டி. பட்டம் வழங்கும் கல்லூரிகளுக்கு ஆண்டுதோறும் 50,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பிக்கின்றனர். சேர்பவர்கள் ஏறத்தாழ 23,000 பேர். அவ்வாறு சேர்பவர்களின் சராசரி 3.7க்கு மேல், எம்கேட் மதிப்பெண் 511 அளவில். சரிந்து எழுந்த மாணவருக்கு இந்த எண்கள் மதில்போலத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆயினும் அந்த மதிலில் ஒரு சாளரம் உண்டு. விண்ணப்பத்தில், இடைவெளிகளையும் சேர்த்து 5,300 எழுத்துகளுக்கு உட்பட்டு, தாம் யார், ஏன் மருத்துவராக விரும்புகிறார் என்பதை மாணவர் எழுதலாம். செய்த பணிகளையும் தொண்டுகளையும் பதினைந்து வரை குறிப்பிடலாம். நம் நாட்டில் இளநிலை மருத்துவ இடத்தை நுழைவுத் தேர்வின் தரவரிசையும் இடஒதுக்கீட்டு விதிகளுமே தீர்மானிக்கின்றன. 2017 முதல் தமிழகத்திலும் அத்தேர்வு 'நீட்' என்பதாகிவிட்டது. 'நான் ஏன் தடுமாறினேன்' என்று ஒரு மாணவர் எடுத்துச் சொல்ல இங்கு இடமில்லை. அங்கு இடமிருக்கிறது. இடம் இருப்பதால்தான் சோதனையும் இருக்கிறது.

ஏறுமாறான கல்விப் பதிவை உடையவர் தம் விண்ணப்பத்தை வலுப்படுத்துவது எப்படி? பட்டம் பெற்ற பின்னும் ஓரிரு ஆண்டுகள் அறிவியல் பாடங்களைக் கூடுதலாகப் பயிலலாம். தவறிய பாடங்களை மீண்டும் படிக்கலாம். எம்கேட் தேர்வுக்கு உரிய காலம் ஒதுக்கி ஆயத்தம் செய்யலாம். மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ நோயாளிகளின் அருகில் நின்று பணி செய்யலாம். இவை அனைத்தும் நேரிய வழிகள். ஆனால் எதுவும் விரைவான வழியன்று.

சிறு கணக்கு ஒன்றைப் பார்ப்போம். பட்டப்படிப்பு 120 பாட அலகுகள் கொண்டது என்க. நம் பெண்ணின் முதல் 60 அலகுகளில் சராசரி 2.6, பின் 60 அலகுகளில் 3.9. மொத்தச் சராசரி 3.25. இனி ஓராண்டு முழுவதும் 30 அலகுகள் பயின்று, ஒன்றில்கூடக் குறையாமல் 4 பெற்றாலும் மொத்தச் சராசரி 3.4 அளவிற்கே உயரும். பன்னிரண்டு திங்கள் உழைப்பு பெற்றுத் தருவது புள்ளிக்குப் பின் வரும் சிறு முன்னேற்றமே. சரிவதற்கு ஒரு பருவம் போதும். ஏறுவதற்குப் பல பருவங்கள் வேண்டும்.

மீண்டும் படித்தால் பழைய தரம் அழிந்துவிடாதா என்று கேட்கலாம். எம்.டி. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தில் அது அழிவதில்லை. முதல் முயற்சியும் மறு முயற்சியும் இரண்டுமே கணக்கில் சேரும். ஆஸ்டியோபதி முறை மருத்துவக் கல்லூரிகள் 2017 வரை புதிய தரத்தைப் பழையதன் இடத்தில் வைத்துக் கணக்கிட்டன. அவ்வாண்டில் அவையும் அவ்வழக்கத்தைக் கைவிட்டன. ஒழுங்கு நடவடிக்கை எதற்கேனும் உள்ளானவர், கல்லூரி அதைத் தன் ஏட்டினின்று நீக்கிவிட்டாலும், விண்ணப்பத்தில் தாமாகவே தெரிவிக்கக் கடமைப்பட்டவர். டெக்சஸ் மாநிலத்தில் மட்டும் சிறப்பான சட்டம் ஒன்று உண்டு. பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ பழைமையான கல்லூரிப் பாடங்களைக் கணக்கில் கொள்ளாதிருக்கும்படி அம்மாநிலப் பல்கலைக்கழகங்களை விண்ணப்பதாரர் கேட்கலாம். ஆனால் தவறியவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து விலக்க முடியாது. அக்காலத்தில் நன்றாகப் பயின்ற பாடங்களும் சேர்ந்தே போய்விடும். கடந்த காலத்தை மறக்கச் செய்யும் சட்டமும்கூட, அதை நமக்கு ஏற்றவாறு திருத்தி எழுத இடம் தரவில்லை.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? ஏட்டில் உள்ள எண்கள் மனிதரை அளக்குமா? இக்கேள்வி நியாயமானதே. ஆனால் அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் நினைக்க வேண்டும். 1910இல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் என்பவர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்து அறிக்கை ஒன்று வெளியிட்டார். பள்ளிப் படிப்பையே நிறைவு செய்யாதவரைக் கட்டணம் வாங்கிக்கொண்டு சேர்த்த கல்லூரிகள், ஆய்வுக்கூடம் பெயரளவில் மட்டும் இருந்த கல்லூரிகள் எனப் பலவும் அதில் வெளிச்சத்திற்கு வந்தன. பின்வந்த ஆண்டுகளில் பல கல்லூரிகள் மூடப்பட்டன. சேர்க்கைத் தகுதி உயர்த்தப்பட்டது. ஆகவே மதிப்பெண் என்னும் வாயிற்காவலர் வீணாக நிறுத்தப்பட்டவர் அல்லர். கட்டிலில் கிடக்கும் நோயாளியின் பொருட்டு நிறுத்தப்பட்டவர். தம்மைத் தொடும் கை கற்ற கையா என்பதைச் சோதித்துப் பார்க்க இயலாத அந்த மனிதருக்காக வேறு எவரேனும் சோதிக்கத்தான் வேண்டும்.

அதே வேளையில் வாயிற்காவலர் முக்காலமும் உணர்ந்தவரும் அல்லர். 1979இல் ஹூஸ்டன் நகரில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. 150 மாணவரைத் தேர்ந்தெடுத்து முடித்த பின், மேலும் 50 பேரைச் சேர்க்குமாறு மாநிலச் சட்டமன்றம் பணித்தது. தரவரிசையில் மேலே இருந்தவர்கள் அதற்குள் வேறு கல்லூரிகளுக்குச் சென்றுவிட்டனர். எனவே நேர்காணல் பெற்றவர்களுள் பட்டியலின் அடிப்பகுதியில் நின்று, முதலில் மறுக்கப்பட்டிருந்தவர்களே அந்த இடங்களைப் பெற்றனர். பின்னர் இரு பிரிவினரையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். மருத்துவப் படிப்பிலும் அதற்கு அடுத்த பயிற்சி ஆண்டிலும் இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. அந்த ஆய்வு 1987இல் வெளிவந்தது. மதிப்பெண் பயனற்றது என்று அந்த ஆய்வு கூறவில்லை. இரு பிரிவினரையும் பெரிதும் பிரித்து வைத்தது நேர்காணலில் குழுவினர் கொண்ட எண்ணமே. நல்லெண்ணத்தோடு அமர்ந்து ஆராயும் குழுவும் ஒருவர் பிற்காலத்தில் எத்தகையவராவார் என்பதை முன்கூட்டி அறிய இயலாது என்பதே அதன் பாடம்.

ஆகவே நம் பெண்ணின் நிலை நம்பிக்கையற்றதன்று. விண்ணப்பத்தில் ஒவ்வோர் ஆண்டின் சராசரியும் தனித்தனியே காட்டப்படுகிறது. 2.6இலிருந்து 3.9க்கு உயர்ந்த ஏற்றத்தைக் குழுவினர் காண்பர். அந்த ஏற்றத்திற்கு எவரும் காரணம் கேட்கப்போவதில்லை. சரிவுக்கே கேட்பர். அங்கேதான் அவள் தயங்கி நின்றாள்.

தன் தவற்றை எடுத்துச் சொல்வதைப் பற்றி நம் மக்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ஒப்புரவு அருட்சாதனத்திற்குச் செல்லுமுன் சிறு வயதிலேயே நாம் கற்றவை மூன்று: மனம் வருந்துதல், தவற்றை அறிக்கையிடுதல், பரிகாரம் செய்தல். பக்கத்து வீட்டுக்காரர் கோபமூட்டியதால் சினந்தேன் என்று தொடங்கி, பக்கத்து வீட்டுக்காரரின் பாவங்களை மட்டும் அறிக்கையிட்டுத் திரும்பும் பழக்கத்தையும் நாம் அறிவோம். அவ்வாறு சொல்லியவை எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் நம் பங்கு அங்கே சொல்லப்படாமலே போய்விடுகிறது. சூழ்நிலையைச் சொல்வது குற்றமன்று. சூழ்நிலைக்குப் பின்னே நாம் ஒளிந்துகொள்வதே குற்றம்.

இத்துடன் இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தோம். அருட்சாதனத்தில் நாம் அறிக்கையிடுவது மன்னிப்புப் பெற. விண்ணப்பத்தில் அறிக்கையிடுவது இடம் பெற. பரிசு கிடைக்கும் இடத்தில் சொல்லப்படும் துன்பக் கதை மெல்ல மெல்ல விற்பனைப் பொருளாகிவிடும். 'இன்னும் சற்று உருக்கமாக எழுதுங்கள்' என்று ஆலோசகர் சொல்வார். தந்தையின் கோணிய வாயும் தளர்ந்த வலக்கையும் அழகிய முதல் பத்தியாகும். அந்தத் தந்தை அதை வாசிக்க நேர்ந்தால் அவருக்கு எப்படியிருக்கும் என்று எவரும் கேட்பதில்லை.

நம்மோடு வாதிட்டவர் ஒருவர் உண்டு. அவர் நம் நெடுநாள் நண்பர். தமிழாசிரியராய் இருந்து ஓய்வு பெற்றவர். "குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்மைக்கும் வாய்மையின் வரிசையில் இடமுண்டு என்று வள்ளுவரே கூறுகிறாரே! ஒரு பெண் மருத்துவராவது நன்மைதானே? அவள் சொன்னதும் பொய்யன்றே!" என்றார். வலிமையான வாதம்தான். ஆனால் வள்ளுவர் நன்மை என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. குற்றமற்ற நன்மை என்று அளவு வைத்தார். ஓர் இடத்திற்கு ஒருவருக்கு மேற்பட்டோர் காத்திருக்கும்போது, ஒருவர் பெறும் இடம் மற்றொருவர் இழக்கும் இடம். உண்மையாகவே நோயுற்ற தாயைப் பேணியதால் மதிப்பெண் இழந்த வேறொரு மாணவர் எங்கோ ஓர் அறையில் அமர்ந்து அதே கட்டுரையை எழுதிக்கொண்டிருப்பார். தேதியை மறைக்கும் கட்டுரை அவருடைய உண்மைக்குரிய மதிப்பையும் சேர்த்துக் குறைத்துவிடுகிறது. முகமறியாத அவருக்கு நேரும் இழப்பைக் குற்றமற்றது என்று எப்படிச் சொல்வது?

அவருக்கும் அப்பால் இன்னொருவர் இருக்கிறார். அவர்தான் நாளைய நோயாளி. மருத்துவத் தொழிலில் தவறு நேராதிருப்பதில்லை. அமெரிக்க மருத்துவ நிறுவனம் 1999இல் வெளியிட்ட அறிக்கை, தவிர்க்கக்கூடிய மருத்துவத் தவறுகளால் அந்நாட்டு மருத்துவமனைகளில் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கக்கூடும் என மதிப்பிட்டது. அத்தகைய தவறு நேரும் இரவில் மருத்துவர் முன் இரு வழிகள் உண்டு. 'மருந்தின் அளவை நான் தவறாகக் குறித்தேன்' என்று சொல்வது ஒன்று. 'நோயாளி ஏற்கெனவே நலிந்திருந்தார்' என்று எழுதுவது மற்றொன்று. இரண்டாவது வாக்கியமும் உண்மையாகவே இருக்கும்! நோயாளி நலிந்துதான் இருந்திருப்பார். இருபத்திரண்டு வயதில் ஒரு மதிப்பெண் பட்டியலைப் பற்றி எழுதிப் பழகிய வாக்கியமே நாற்பது வயதில் ஒரு மரணத்தைப் பற்றி எழுதும்போதும் கைக்கு வரும்.

பாஸ்டன் நகரில் எர்னஸ்ட் காட்மன் என்னும் அறுவை மருத்துவர் வாழ்ந்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் சிகிச்சையின் இறுதி விளைவு என்னவாயிற்று என்பதைத் தொடர்ந்து கண்டறிந்து வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய கொள்கை. 1911இல் தாமே ஒரு சிறு மருத்துவமனையைத் தொடங்கினார். 1916 வரை அங்கிருந்து வீடு திரும்பிய 337 நோயாளிகளின் சிகிச்சையில் 123 தவறுகள் நேர்ந்ததாகக் கணக்கிட்டு, அவற்றை அச்சிட்டும் வெளியிட்டார். அக்காலத்தில் அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் சக மருத்துவர்களின் கசப்பே. இன்றோ மருத்துவத் தர ஆய்வின் முன்னோடியாக அவரை மதிக்கின்றனர். தவறுகளை எண்ணிச் சொன்னவரின் மருத்துவமனையும் இருந்தது. எண்ணவே செய்யாதவர்களின் மருத்துவமனைகளும் இருந்தன. நம் வீட்டில் ஒருவர் நோயுற்றால் எந்த வாயிலை நாடுவோம்?

அப்படியானால் சரிந்தவருக்கு இரக்கமே இல்லையா? உண்டு. புனித ஜான் மரிய வியான்னியின் வாழ்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இலத்தீன் மொழி அவருக்கு எட்டாக்கனியாய் இருந்தது. லியோன் நகரக் குருமடத்தில் தேர்வில் தவறினார். எக்குலி பங்குத்தந்தை பாலே அவரைக் கைவிடாமல் தம்மிடம் வைத்துக் கற்பித்தார். 1815இல் குருப்பட்டம் கிடைத்தது. ஆனால் பாவ அறிக்கை கேட்கும் அதிகாரம் உடனே தரப்படவில்லை; சில காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. பின்னாளில் ஆர்ஸ் என்னும் சிற்றூரில் நாள்தோறும் பல மணி நேரம் பாவ அறிக்கை கேட்டே உலகறியப்பட்டார் என்பதை நாம் அறிவோம். அவருடைய குறையை எவரும் மூடி மறைக்கவில்லை. குறையைக் காட்டி அவரைத் துரத்திவிடவும் இல்லை. கற்பித்தனர், சோதித்தனர், காத்திருக்கச் செய்தனர், பின்பு ஒப்படைத்தனர். சரிந்தவர்பால் காட்டும் இரக்கத்திற்கு இதைவிட நல்ல இலக்கணம் நமக்குத் தெரியவில்லை. இத்தகைய இரக்கம் காட்டுவோருக்கு முதலில் உண்மை நிலை தெரிந்தாக வேண்டும். மறைக்கப்பட்ட குறைக்கு யார் பாலே ஆக முடியும்?

இவற்றையெல்லாம் அந்தப் பெண்ணிடம் நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடவில்லை. முதலில் அவளுடைய தந்தையிடம் பேசினோம். பேச்சு இன்னும் முழுமையாகத் திரும்பாத நிலையில், சொற்களைத் தேடித் தேடி அவர் சொன்னார்: "அண்ணா, என் நோயைப் பற்றி அவள் எழுதட்டும். அது அவளுக்கும் நேர்ந்ததுதானே. ஆனால் நோய் வந்த தேதியை மட்டும் மாற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள்."

பின்னர் அவள் கட்டுரையைத் திருத்தி எழுதினாள். எளிதாக வந்த வெற்றி தன்னை உழைக்கவிடாமல் செய்தது என்றும், முதல் மூன்று பருவங்களின் சரிவு தன் கவனக்குறைவால் நேர்ந்தது என்றும் இரண்டு வரிகளில் சொன்னாள். நான்காம் பருவத்தில் தந்தை வீழ்ந்ததையும், பயிற்சியாளர் வந்து அவரை நடக்கப் பழக்குவதைத் தான் உடனிருந்து கண்டதையும் அடுத்துச் சொன்னாள். தந்தை நேற்று நடந்த நான்கு அடி இன்று மூன்று அடியாகக் குறைந்தாலும் மறுநாளும் எழுந்து நின்றதைப் பார்த்த பிறகே தானும் புத்தகத்தை ஒழுங்காகத் திறந்ததாக எழுதினாள். ஆலோசகரின் வரைவில் இந்தச் செய்தி இல்லை. தன் பங்கை மறைக்க வேண்டியிருந்ததால் தன் மாற்றத்தின் காரணத்தையும் அவளால் அங்கே சொல்ல முடியாமல் போயிருந்தது. மேலும், அவ்வாண்டு விண்ணப்பிப்பதை நிறுத்தி, ஓராண்டு கூடுதலாக அறிவியல் பாடங்கள் பயில முடிவு செய்தாள். அந்த ஓராண்டு அவளது சராசரியை எவ்வளவு உயர்த்தும் என்பது மேலே கண்ட கணக்கில் உள்ளது. அதை அவளும் அறிவாள்.

இப்போது விண்ணப்பம் அனுப்பப்பட்டுவிட்டது. பதில் இன்னும் வரவில்லை. வாய்மை பேசியதற்காக அவளுக்கு இடம் கிடைத்தே தீரும் என்று நாம் உறுதி கூற மாட்டோம். அப்படிக் கூறினால் வாய்மையையும் ஒரு தந்திரமாக்கிவிடுவோம். இடம் கிடைக்காமலும் போகலாம். அப்போதும் அவள் தன் தந்தையின் முகத்தை நேராகப் பார்த்து, "அப்பா, கிடைக்கவில்லை" என்று சொல்ல முடியும்.

நம் இல்லங்களைப் பற்றியும் ஒரு சொல். மதிப்பெண் அட்டையில் கையொப்பமிடும் மாலையில் நம் பிள்ளைகளிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி எது? எண்ணைக் கேட்டு, குறைந்தால் சினந்து, காரணம் சொன்னால் மட்டும் தணிகிறோம். நல்ல காரணம் ஒன்றைத் தேடிக்கொள்ளும் பழக்கத்தை அவர்கள் பயின்றது ஒருவேளை நம்மிடமே இருக்கலாம். 'நான் படிக்கவில்லை அப்பா' என்று ஒரு பிள்ளை அச்சமின்றிச் சொல்லக்கூடிய வீடு எத்தனை வீடு? அப்படிச் சொன்ன பிள்ளையை அன்றிரவு உணவுக்கு அருகே அழைத்து உட்கார வைக்கும் தந்தை எத்தனை பேர்? எந்தத் தேர்வுக்குழுவின் முன்னும் உண்மை சொல்லும் துணிவு முதலில் அந்த உணவு வேளையில்தான் பிறக்கிறது.